ஒட்டடை வரைந்த படம்

மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் அவளுக்கு ஒட்டடை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு மதிய இடைவேளையில், தன் மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளின் வரைபடத்தை அவள் சாப்பாட்டு மேசையில் திறந்து காட்டினாள். கறுப்புத் திரையில் எண்ண முடியாத புள்ளிகள். அவற்றை இழுத்துக் கட்டியதுபோல் மெல்லிய கோடுகள். லென்ஸ் விளிம்பு தேய்ப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஸ்க்ரீன்ல ஒட்டடை அடைஞ்சு கிடக்கு? தொடப்பம் எடுத்துட்டு வரவா?" என்றார். மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் முதலாளியே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அவளுடைய வேலை கடைசிப் பார்வை. தேய்த்து, பூச்சுப் பூசி, ஃப்ரேமில் பொருத்திய கண்ணாடிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில் அவள் மேசைக்கு வரும். பவர் சரியா, கோணம் சரியா என்று லென்ஸ் மானியில் வைத்து அளந்து பார்ப்பாள். விளக்குக்குக் கீழே சாய்த்துக் கீறல் தேடுவாள். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்து, ஆடாமல் உட்காருகிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். கடைகளிலிருந்து திரும்பி வரும் கண்ணாடிகளும் அவளிடமே வரும். ஒரு கண்ணாடி திரும்பி வந்தால் பட்டறையில் எல்லோரும் யார் தப்பு என்று கேட்பார்கள். அவள், இது வேறு எதோடு சேர்ந்து திரும்பி வந்தது என்று கேட்பாள்.

குறிப்பு எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்ததல்ல. அவளுடைய அப்பா இறந்த பிறகு, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதில் அக்கா, அண்ணன், தம்பி, அவள் என்று நான்கு பேருக்கும் நான்கு பதில் இருந்தது. நால்வரும் ஒரே கட்டிலைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அது அவளை அப்பாவின் சாவைவிட அதிக நாள் தொந்தரவு செய்தது. நடந்தது ஒன்று, நினைவில் நிற்பது இன்னொன்று என்றால் நம்புவதற்கு என்ன இருக்கிறது? அன்றன்று எழுதி வைத்தது இருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள். அது சரியான முடிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. எழுதும் கையும் அதே ஆளுடையதுதானே.

அவள் எழுதிய முறை இது. ஒவ்வொரு ஆளுக்கும், கடைக்கும், கோளாறுக்கும் தனித்தனிப் பக்கம். ஒரு பக்கத்தில் எழுதும்போது தனிப் பக்கமுள்ள இன்னொன்றின் பெயர் வந்தால், அதை அந்தப் பக்கத்தோடு இணைத்துவிடுவாள். அவ்வளவுதான். எது எதோடு சேர்கிறது என்பதை மென்பொருள் புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டும்.

அந்தப் படத்தை அவள் நம்பத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு நெட்டையான விற்பனையாளர். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்துச் செய்யும் கண்ணாடிகள் அடிக்கடி திரும்பி வந்தன. எதிரே வருபவர் முகம் மங்கலாகத் தெரிகிறது, முகவாயைத் தாழ்த்தினால் சரியாகிறது என்று புகார். தேய்ப்பவரை எல்லோரும் திட்டினார்கள். அவள் திரும்பி வந்தவற்றின் இணைப்புகளைப் பார்த்தாள். கடைகள் பல, ஆனால் எல்லாக் கோடுகளும் ஒரே ஆளிடம் போய் நின்றன. அவர் கடைக்குக் கடை மாறி வேலை பார்ப்பவர். வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றபடியே கண்மணிக்கு நேரே லென்ஸில் புள்ளி வைப்பார். மேலிருந்து பார்த்தால் புள்ளி உயரே விழும், படிக்கும் பகுதி தூரப் பார்வைக்குக் குறுக்கே ஏறிவிடும். அவரைக் குனிந்து அளக்கச் சொன்னார்கள். திரும்பி வருவது நின்றது. நெட்டையான மனிதர்களுக்குக் குனியப் பிடிக்காது என்பதைத் தவிர இதில் பெரிய உண்மை எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது: ஆட்கள் மழுப்புவார்கள், கோடு மழுப்பாது.

அதன் பிறகு பட்டறையைத் தாண்டியும் பக்கங்கள் பெருகின. அடுத்த வீட்டுக்காரர், குழாய் பழுது பார்ப்பவர், பல் மருத்துவர், அக்காவின் மாமியார் என்று எல்லோருக்கும் ஒரு பக்கம் கிடைத்தது.

அவளுடைய கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். யார் என்ன தவறு செய்தாலும் குரலை உயர்த்த மாட்டார். "அவசரமே இல்லைங்க, கிளட்ச்சை மெதுவா விடுங்க, ரோடு எங்கயும் ஓடிப் போகாது" என்பார். அந்தக் குரலுக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். முதலாளியின் மனைவி வண்டி கற்க ஆசைப்பட்டபோது ஒட்டடைதான் அவரைச் சொன்னாள். அந்த அம்மாள் உரிமம் வாங்கிய பிறகும் தனியாக ஓட்டப் பயந்து, வாரந்தோறும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். டிரைவிங் மாஸ்டர் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவர்கள் தெருவில் பழகிப்போன நகைச்சுவை.

மாலையில் வீடு திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" அவள் எல்லாவற்றையும் சொல்வாள். கூடத்தில் ஒரு நாற்காலியில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே சொல்வாள். கேட்கத் தெரிந்த மனிதர் என்று அவள் தன் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பூச்சு என்பவள் பட்டறையில் அவளுக்கு இருந்த ஒரே தோழி. லென்ஸுக்குப் பூச்சுப் பூசும் அறையில் வேலை. அந்த அறைக்குள் தூசு புகக்கூடாது. வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். உள்ளே வாயைத் திறக்கக்கூடாது என்பதால் வெளியே வந்ததும் இரண்டு பேருக்கான பேச்சைப் பேசுவாள். பட்டறையில் யார் யாரைத் திட்டினார்கள், முதலாளி எந்தக் கடைக்காரரோடு சாப்பிடப் போனார் என்பதெல்லாம் பூச்சு வழியாகத்தான் ஒட்டடைக்கு வந்து சேரும்.

சொந்தமாக ஒரு சிறிய பட்டறை வைப்பது பூச்சுவின் யோசனை.

"நீ பாரு, நான் பூசறேன். தேய்க்க ஒரு ஆள் போட்டுக்கலாம்," என்றாள் ஒரு மதியம், டப்பாவை மூடிக்கொண்டே.

"பணம்?"

"பணத்தைப் பத்தி அப்புறம் அழலாம். முதல்ல ஆசைப்படலாம்டி. அதுக்கு யாரு காசு கேக்கப் போறா?"

ஒட்டடைக்கு நாற்பத்தைந்து வயது. அதுவரை அவளாக ஆசைப்பட்டு எதையும் தொடங்கியதில்லை. படித்தது அண்ணன் சொன்னதால், வேலை அக்கா சொன்னதால், கல்யாணம் எல்லோரும் சொன்னதால். இது ஒன்றுதான் அவளுடையதாக இருக்கப் போகிறது என்று நினைத்தாள். அந்தப் பட்டறைக்கும் ஒரு பக்கம் தொடங்கினாள். அதற்குத் தலைப்பு வைக்காமல் ஒரு புள்ளியை மட்டும் வைத்தாள்.

முதலில் ஓர் அறை பார்த்தார்கள். தையல்காரர் காலி செய்துவிட்டுப் போன அறை. வெளிச்சமும் மின் இணைப்பும் நன்றாக இருந்தன. முன்பணம் கொடுக்கப் போன அன்று, முதலாளியின் மைத்துனர் அதை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்து, மூடப் போகும் ஒரு பட்டறையில் விளிம்பு தேய்க்கும் இயந்திரம் மலிவாக வந்தது. விலை பேசிவிட்டு வந்த வாரத்திலேயே அது அவர்கள் பட்டறைக்குள் வந்து இறங்கியது. முதலாளி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "நமக்கு ஒண்ணு கூடுதலா இருந்தா நல்லதுதானே" என்றார். பிறகு, உங்களுக்கே வேலை அனுப்புகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த இரண்டு கடைக்காரர்களும் கண்ணைப் பார்க்காமல் பேசினார்கள். முதலாளி அவர்களுக்கு விலையைக் குறைத்து, ஒரு வருடத்துக்கு எழுதி வாங்கிவிட்டிருந்தார்.

முதல் தடவை தற்செயல். இரண்டாவது தடவை துரதிர்ஷ்டம் என்று பூச்சு சொன்னாள். மூன்றாவது தடவை இருவருக்கும் விளங்கிவிட்டது. முதலாளியிடம் யாரோ சொல்கிறார்கள். யார் என்று தெரியாமல் நான்காவது அடி எடுத்து வைப்பதில் பொருளில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கணவர் வண்டியோடு வெளியே போயிருந்தபோது, அவள் கணினியைத் திறந்தாள். குறிப்புகளை அப்படியே இன்னொரு மென்பொருளுக்குள் ஏற்றினால் அது கணக்குப் போட்டுச் சொல்லும்: எந்தப் பக்கத்துக்கு இணைப்பு அதிகம், எது யாரோடும் சேராமல் தனியே கிடக்கிறது, எதை எடுத்துவிட்டால் முழுப் படமும் பிளந்து போகும். ஒவ்வொன்றும் கைநழுவிப் போன பிறகு எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, கடைசியாகச் சொன்னதைத்தான் அவள் கேட்டாள். ஒரு பக்கம் பழைய பட்டறை: முதலாளி, கடைகள், திரும்பி வந்த கண்ணாடிகள். மறுபக்கம் புதிய பட்டறை: அறை, இயந்திரம், வாக்குக் கொடுத்தவர்கள். ரகசியம் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்றால் ஒரு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நடுவில் யார்?

நடுவில் பூச்சு இருந்தாள். வேறு யாரும் இல்லை.

அவள் நம்பவில்லை. பூச்சுவின் பக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி வரையச் சொன்னாள். புள்ளிகள் கொஞ்சம் தத்தளித்தன. பிறகு இரண்டு கூட்டங்களும் திரையின் இரண்டு ஓரங்களுக்கு மெதுவாக விலகிப் போயின. இடையில் ஒரு கோடு கூட மிஞ்சவில்லை. நெட்டை விற்பனையாளரைக் காட்டிக் கொடுத்த அதே கணக்கு இப்போது இதைக் காட்டியது. அதை ஏற்றுக்கொண்டவள் இதை எப்படித் தள்ளுவாள்?

கோபம்கூட அப்போது வரவில்லை என்று பின்னால் சொன்னாள். இத்தனை வருடம் தன்னிடம் வந்து சிரித்ததெல்லாம் என்ன என்று ஒவ்வொரு சிரிப்பாக எடுத்துப் பார்த்தாளாம்.

மறுநாள் பூச்சு அறைக்கு முன்னால், செருப்பு மாற்றும் சின்னத் தடுப்பில் போய் நின்றாள். பூச்சு தொப்பியைத் தலையில் பாதி மாட்டியிருந்தாள்.

"உள்ள வராதே, தலைமுடி கொட்டும். அப்புறம் லென்ஸுக்குள்ள நிஜமாவே ஒட்டடை வந்திடும்."

"உள்ள வரலை. இங்கயே கேட்டுட்டுப் போறேன். முதலாளிகிட்ட நீ எவ்வளவு நாளா பேசிட்டு இருக்கே?"

"தினமும்தான். குட்மார்னிங் சொல்றேன், அவர் காதைச் சொறியறார். ஏன்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"விளையாடாதே. ரூம், மெஷின், கடைங்க. மூணும் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லலை."

பூச்சு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒட்டடை கைப்பேசியை நீட்டினாள். படத்தைப் பார்த்ததும், "இது யாரு?" என்றாள் பூச்சு.

"நீ."

"ஏன் இவ்வளவு குண்டா இருக்கேன்?"

"நிறைய இணைப்பு இருந்தா புள்ளி பெருசாகும். உன்னை எடுத்துட்டா ரெண்டும் பிரிஞ்சு போயிடுது. உன் வழியாத்தான் போயிருக்கு."

பூச்சு தொப்பியைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"இதெல்லாம் எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப கேளு. அங்க நடந்ததை எல்லாம் உனக்கு வந்து சொன்னது நான். இங்க நடந்ததை எல்லாம் நீ எனக்குச் சொன்னே. அதனால நடுவுல இருக்கேன். நான் உனக்கு யாருன்னு உன் மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நீதான் தப்பாப் படிச்சிருக்கே."

"அப்ப வேற யாரு சொன்னா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா எங்கிட்ட வந்து, 'நீ சொன்னியாடி'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ என்னைக் கேக்கலை. உன் மெஷினைக் கேட்டுட்டு, எங்கிட்ட தீர்ப்பு சொல்ல வந்திருக்கே."

கதவு மூடிக்கொண்டது. அந்த அறைக் கதவு எப்போதுமே சத்தமில்லாமல்தான் மூடும்.

அன்று மாலை, வழக்கமான கேள்விக்கு அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். "நான் அப்பவே நினைச்சேன். அளவுக்கு மேல சிரிக்கிறவங்களை நம்பக் கூடாது. விடு, இப்பவாவது தெரிஞ்சுதே," என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பூச்சு அந்த மாதமே வேலையை விட்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒட்டடைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பிறகு யாரோ அதை வேறு மேசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆசை மட்டும் போகவில்லை. தனியாகவே செய்து பார்ப்பது என்று அவள் முடிவெடுத்தாள். இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்றும் முடிவெடுத்தாள். மூடிக் கிடந்த ஒரு புகைப்பட ஸ்டுடியோவின் பின்னறையைப் போய்ப் பார்த்தாள். வாடகை கட்டுப்படியாகும், பின்சுவரில் மட்டும் ஈரம். அன்றைய குறிப்பில், "ஸ்டுடியோ பின்னறை. சுவர் ஈரம். காயுமா என்று விசாரிக்க வேண்டும். வீட்டில் சொன்னேன்" என்று எழுதினாள்.

அடுத்த வாரம் முதலாளி அவள் மேசைப் பக்கம் வந்தார். ஒரு தட்டை எடுத்து, உள்ளே இருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம தொழிலுக்கு ஈரம் ஆகாதும்மா. சுவர்ல ஈரம் இருக்கிற இடத்துல மெஷினை வச்சா ஒரே மழையில துரு ஏறிடும். இங்க என்ன குறைச்சல் உங்களுக்கு?" குரலில் மிரட்டல் இல்லை. அக்கறை மாதிரியே இருந்தது.

அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் போன பிறகும் அடுத்த தட்டை எடுக்கவில்லை. பூச்சு போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஸ்டுடியோக்காரருக்கு இவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்றே தெரியாது. அந்த ஈரத்தை அவள் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லியிருந்தாள். இடம் என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள். வீட்டில் சொன்னேன் என்று எழுதும்போது வீடு ஓர் ஆள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பல் மருத்துவருக்குப் பக்கம் இருந்தது. குழாய் பழுது பார்ப்பவருக்குப் பக்கம் இருந்தது. கணவருக்கு இல்லை. மறந்தோ மறைத்தோ விட்டதல்ல, தேவைப்படவில்லை. கண்ணாடி போட்டிருப்பவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அதன் வழியாகத்தான் பார்க்கிறார்.

பட்டறையில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மைதானத்துக்கு வெளியே மரநிழலில் வண்டி நின்றிருந்தது. அடுத்த மாணவருக்காகக் கணவர் தன் இருக்கையில் காத்திருந்தார். அவள் ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"என்ன, வண்டி கத்துக்க வந்தியா?" என்று சிரித்தார்.

"அந்தச் சுவர்ல ஈரம் இருக்குன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

"எந்தச் சுவர்?"

"என்னங்க."

அவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"உங்க முதலாளியம்மா கேட்டாங்க. ஓட்டும்போது பேசிட்டே வருவாங்க. பேசினாத்தான் அவங்களுக்குப் பயம் போகுது."

"அவங்க பயம் போறதுக்கு என் விஷயமா கிடைச்சுது?"

"முதல்ல சும்மாதான் சொன்னேன். உங்க வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. ஏதோ ரூம் பாக்கறான்னு வாய் தவறி வந்திடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சேதான் சொன்னேன்." அவர் இப்போது நேராக வெளியே பார்த்தார். "எனக்கு ஒரு மாசம் ஆள் வரும், ஒரு மாசம் ஈ ஓட்டணும். வீட்ல நிக்கிறது உன் சம்பளம் ஒண்ணுதான். அதையும் விட்டுட்டுப் போறேன்னு நீ ஆடறப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"வேணாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேப்பியா நீ?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அது வேற."

"நான் உன்னைக் காட்டிக் கொடுக்கலைம்மா. நிறுத்தினேன், அவ்வளவுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் கால் பழக்கத்தில் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்தது. "நான்தான் ஓட்டறேன்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள். பிறகு, "நான் அழுதப்ப பூச்சுவைப் பத்தி என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் அந்தக் கண்ணாடியை மறுபடி தொட்டார்.

"மத்ததுக்கெல்லாம் பதில் வேணாம். இதுக்குச் சொல்லுங்க. எனக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தீங்களே, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

யாரோ சன்னலைத் தட்டினார்கள். அடுத்த மாணவர். கணவர் கண்ணாடியை இறக்கி, "ஒரே நிமிஷம்ங்க, அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அதே குரல். அந்தக் குரலுக்குள் எதையும் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் குறிப்புகள் முழுவதிலும் 'வீட்டில்' என்ற சொல்லைத் தேடினாள். அறையைப் பற்றி எழுதிய பக்கத்தில் இருந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர்கள் வாக்குக் கொடுத்த நாளில் இருந்தது. ஒவ்வொரு குறிப்பும் அந்தச் சொல்லில்தான் முடிந்திருந்தது. ஒன்றில்கூட அவள் இணைப்புப் போட்டிருக்கவில்லை. கணவருக்கு ஒரு பக்கம் தொடங்கி அவை எல்லாவற்றையும், முதலாளியின் மனைவியையும் அதோடு இணைத்துவிட்டு மறுபடி வரையச் சொன்னாள். நடுவில் ஒரு புதிய புள்ளி வந்து உட்கார்ந்தது. முன்பு பூச்சுவைக் காட்டியபோது இருந்த அதே உறுதியோடு கணினி இப்போது இவரைக் காட்டியது. அவளுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவள் என்ன சொல்லிக்கொடுத்தாளோ அதைத் திருப்பிச் சொன்னது. நம்பத் தகுந்தவரும் கெடுத்தவரும் அந்தப் படத்தில் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். யார் எவர் என்று கோடு சொல்லாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு அவள் கூச்சப்பட்டாள், கணக்குப் போடுவதற்குக் கூச்சப்படவில்லை.

பூச்சு தன் அண்ணியோடு சேர்ந்து ஒரு பட்டறை திறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனாள். சின்ன இடம். ஒரு தேய்க்கும் இயந்திரம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பூச்சு அறை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், கணவர் சொன்னதையும் விடாமல். பூச்சு இடைமறிக்காமல் கேட்டாள்.

"அளவுக்கு மேல சிரிக்கிறவளா நான்?" என்றாள் கடைசியில்.

"அவர் சொன்னது."

"நீ நம்பினே இல்ல?"

"நம்பினேன்."

"மன்னிப்புக் கேக்கத்தானே வந்தே? கேட்டதா வச்சுக்கறேன். உள்ள வா, வெயில்ல நிக்காதே."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒட்டடை குடித்து முடித்ததும் பூச்சு காலி டம்ளரை வாங்கி வைத்தாள்.

"கடைசிப் பார்வைக்கு எனக்கு ஆள் இல்லை. அண்ணிக்குக் கண்ணு வலிக்குது. வேலைக்கு வரேன்னா வா, சம்பளம் தரேன். பங்குன்னு மட்டும் கேட்டுடாதே."

"கேக்க மாட்டேன்."

"முகத்தைத் தொங்கப் போடாதே. உன் மேல கோபம் இல்லைடி. கோபம் இருந்தா ஒரு நாள் போயிடும்."

அவள் பழைய பட்டறையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள். கணவர் தடுக்கவில்லை, தடுக்கும் உரிமை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். மாலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று இன்னமும் கேட்கிறார். "ஒண்ணும் இல்லை" என்கிறாள். சாப்பாடு போடுகிறாள். சண்டை இல்லை. அக்கா வந்திருந்தபோது, உங்களைப் போல ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்றாள்.

புதிய இடத்தில் மேசை சன்னலோரம். வேலை அதே வேலைதான். பூச்சு பழையபடி வெளியே வந்து இரண்டு பேருக்கான பேச்சைப் பேசுகிறாள். தேய்ப்பவரைக் கேலி செய்கிறாள், ஒட்டடையை ஒட்டடை என்றே கூப்பிடுகிறாள். மதியம் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஆனால் கைப்பேசி அடித்து, எதிர்முனையில் கடைக்காரரோ இயந்திரம் விற்பவரோ இருந்தால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போகிறாள். அண்ணி மட்டும் இருக்கும்போது போவதில்லை.

முதல் தடவை அப்படிப் போனபோது ஒட்டடை தலை நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பூச்சு பேசிக்கொண்டிருந்தாள். இப்போது ஒட்டடை நிமிர்வதில்லை. அடுத்த தட்டை இழுத்துக்கொள்கிறாள்.